போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்குப் பாட்டும் ஆட்டமும் மருந்தாகுமா?

கேள்வி இது: போரில் எல்லாவற்றையும் இழந்து வேறு நாட்டில் குடியேறிய மக்களுக்கு, அவர்களுடைய மரபு இசையும் நடனமும் மனக்காயம் ஆற உண்மையிலேயே உதவுமா? உதவும் என்றால் எப்படி? இல்லை, கலைவிழா நடத்துகிறவர்கள் நிதி கேட்பதற்காகச் சொல்லும் பேச்சா?

கடைசிச் சந்தேகம் நியாயமானதுதான். அழைப்பிதழில் ‘காயம் ஆற்றும் கலை’ என்று அச்சடிப்பதற்கு அதிகச் செலவில்லை. இரண்டு மணி நேர நிகழ்ச்சி, பொன்னாடை, குழுப்படம், அப்புறம் அவரவர் வீட்டுக்கு. அன்று இரவும் தூக்கம் வராதவருக்குத் தூக்கம் வரப்போவதில்லை. இருந்தும் ‘உதவும்’ என்பதுதான் என் பதில். மேடையில் நடப்பது அதில் சின்னப் பங்கு. பெரிய பங்கு, மேடைக்கு முன்னால் மாதக்கணக்கில் ஏதோ ஒரு கூடத்தில் நடக்கும் ஒத்திகைக்கு. இன்னொரு பெரிய பங்கு சாவு வீட்டுக்கு.

முதலில், போர் ஓர் ஆளிடம் எதைக் கெடுத்துவிட்டுப் போகிறது என்று பார்க்க வேண்டும். இழந்த வீடும் உறவும் கண்ணுக்குத் தெரிகிற கணக்கு. தெரியாத கணக்கு உடம்பில் இருக்கிறது. குண்டு விழும் இடத்தில் வருடக்கணக்கில் வாழ்ந்த காது ஒரே ஒரு பாடத்தைத்தான் கற்றிருக்கும்: அடுத்த சத்தம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பாதுகாப்பான நாட்டுக்கு வந்து 10 வருடம் ஆன பிறகும் கதவு அறைந்தால் தூக்கிவாரிப் போடுவது அதனால்தான். தாளம் இதற்கு நேர் எதிரான அனுபவம். அடுத்த அடி எங்கே விழும் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். சொன்ன இடத்தில் அது விழவும் செய்யும். ஒரு மணி நேரம் இப்படி எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே நடப்பது நமக்குச் சாதாரணம். அவர்களுக்கு அது அபூர்வம்.

அடுத்தது மொழி. மனநல மருத்துவரிடம் போனால் ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்பார். சொல்வதற்கு அந்த நாட்டு மொழி வராது. மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் அதே சமூகத்து ஆளாக இருப்பார். வதையையும் பாலியல் வன்முறையையும் அவர் முன்னால் எப்படிச் சொல்வது? நாளைக்குக் கோயிலிலோ பள்ளிவாசலிலோ அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே! பாட்டிலும் ஆட்டத்திலும் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமலே மற்றவர்களோடு இருக்க முடிகிறது. ‘மனம்விட்டுப் பேச வைக்கும் கலை’ என்று இதைப் புகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பேசாமல் இருக்க இடம் கொடுப்பதுதான் இதன் முதல் உதவி என்பேன்.

ஆய்வுகள் இருக்கின்றனவா என்றால், இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-ல் கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2013-ல் சுவீடனில் ஒரு பாடகர் குழுவைச் சோதித்தபோது, சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத்துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது தெரிந்தது. இதில் மாயம் எதுவும் இல்லை. பாட்டு வரி மூச்சைக் கட்டுப்படுத்துகிறது, மூச்சு இதயத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஒரே வரியைப் பாடினால் மூச்சும் ஒன்றாகத்தானே போகும். 2015-ல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிரேசில் நாட்டு மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், மற்றவர்களோடு ஒரே அசைவில் சேர்ந்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. கூட ஆடியவர்களிடம் நெருக்கமும் கூடியிருந்தது. ஆனால் ஒன்று: இந்த இரண்டு சோதனைகளிலும் இருந்தவர்கள் சாதாரண இளைஞர்கள், போர் அகதிகள் இல்லை. அதனால் இதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ‘நிரூபணமாகிவிட்டது’ என்று சொல்ல மாட்டேன். உடம்பு எந்த வழியாகப் பதில் சொல்கிறது என்பதற்கு ஒரு தடயம், அவ்வளவுதான்.

தெளிவான பாடம் கம்போடியர்களிடம் கிடைக்கிறது. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் அந்த நாட்டுக் கலைஞர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்துபோனதாகப் பொதுவாகச் சொல்வார்கள். அரண்மனை நடனம் தெரியும் என்பதே கொல்லப்படக் காரணமாக இருந்த காலம். ஆட்சி விழுந்ததும் மக்கள் தாய்லாந்து எல்லைக்கு ஓடினார்கள். 1979 நவம்பரில் திறந்த காவ் இ தாங் முகாமில் சில மாதங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். சாப்பாடு லாரியில், தண்ணீர் லாரியில், மூங்கில் குடிசை. அந்த முகாமிலும் நடன வகுப்பு தொடங்கிவிட்டது. யாரும் திட்டம் போட்டுக் கொடுத்ததில்லை. உயிர் பிழைத்து வந்த சில நடனக்காரர்கள் சுற்றியிருந்த சிறுமிகளைக் கூட்டி உட்கார வைத்து விரல் வளைக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்த விரல் வளைப்பை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தால் நான் சொல்வது புரியும். கெமர் நடனத்தில், அதாவது கம்போடியர்களின் மரபு நடனத்தில், விரல்கள் பின்பக்கமாக, கிட்டத்தட்ட மணிக்கட்டைத் தொட்டுவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு வளைய வேண்டும். குழந்தை ஒரு கையால் மறு கையின் விரல்களைப் பிடித்துப் பின்னால் அழுத்தும், ஆசிரியை பக்கத்தில் எண்ணிக்கொண்டிருப்பார், நாளுக்கு நாள் ஒரு நூல் அளவு கூடுதலாக வளையும். வலிக்கும்தான். ஆனால் எதற்காக வலிக்கிறது, எப்போது விடுவார்கள் என்று தெரிந்த வலி. நிகழ்ச்சி நாளில் இன்னொரு வேலை. அந்த ஆடைகளுக்குப் பொத்தான் கிடையாது. நடனக்காரியை நிற்க வைத்து உடையை உடம்போடு சேர்த்து ஊசி நூலால் தைத்துவிடுவார்கள். ஒரு பெண் அசையாமல் நிற்க, இரண்டு மூன்று மூத்த பெண்கள் அவளைச் சுற்றி நின்று தைப்பார்கள். மணிக்கணக்காகும். அந்த நேரத்தில் அந்த வட்டத்துக்குள் என்னென்ன பேச்சு நடந்திருக்கும், எந்த ஊர்ச் செய்தி வந்திருக்கும், யார் யாருக்காக அழுதிருப்பார்கள்! பார்வையாளருக்குக் கிடைப்பதோ அதற்குப் பிறகு வரும் 20 நிமிட ஆட்டம் மட்டும்.

அமெரிக்காவுக்குப் போனவர்கள் இதையும் கூடவே கொண்டுபோனார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரில் 1986-ல் தொடங்கிய அங்கோர் நடனக் குழு அப்படி வந்ததுதான். லோவெல் பழைய ஆலை நகரம். வேலை குறைவு, இளைஞர் கும்பல்களின் சண்டை அதிகம். பெற்றோர் இரண்டு ஷிஃப்ட் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் தெருவில். அந்தப் பிள்ளைகளுக்கு நடனப் பயிற்சி என்பது பள்ளி விட்டதும் போய்ச் சேர ஓர் இடம். ‘பண்பாட்டைக் காப்பாற்றினார்கள்’ என்று இதைப் பெரிய வார்த்தையில் சொல்வதைவிட, சாயங்காலம் ஆறு மணிக்கு உன்னை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கிறார் என்று சொல்லலாம். நாதியற்றுப்போன ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

கற்றுக்கொடுத்தவருக்கு இது இன்னும் பெரிய விஷயம். அகதி வாழ்க்கையில் முதியவர்கள் படும் பாடு தனி. ஊரில் நாலு பேர் வந்து ஆலோசனை கேட்ட மனிதர், வந்த நாட்டில் பேருந்துச் சீட்டு வாங்கக்கூடப் பேரனைக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. அவருக்குத் தெரிந்த எதற்கும் அங்கே மதிப்பில்லை. நடனமோ மத்தளமோ தெரிந்திருந்தால் வாரத்தில் ஒரு நாளாவது பேரன் கேட்க, அவர் சொல்ல வேண்டிய நிலை வருகிறது. குணமாவதில் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

நம் பக்கம் வருவோம். மட்டக்களப்புக் கூத்தில் அரங்கேற்றம் என்பது கடைசி நாள். அதற்கு முன்னால் சட்டம் கொடுத்தல், அதாவது யார் எந்த வேடம் என்று முடிவு செய்து பாட்டை எழுதிக் கொடுப்பது, அப்புறம் இரவு இரவாக ஆட்டப் பழக்கம், சதங்கை அணி விழா, பிறகு முழுக் கூத்தையும் ஒருமுறை ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். மாதங்கள் போகும். கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் தாளத்தை நிறுத்தி ‘திரும்ப எடு’ என்பார். ஒருவன் தாளம் விட்டால் எல்லாருக்கும் தெரியும், கேலி செய்வார்கள், அடுத்த நாளும் வருவான். வட்டக்களரியில் ஆடுகிறவன் எல்லாப் பக்கமும் சனத்தைப் பார்த்தபடி சுழல வேண்டும், ஒளிந்துகொள்ள மூலை கிடையாது. 1983-க்குப் பிறகு பாரிசிலும் லண்டனிலும் டொரண்டோவிலும் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்களில் இந்தப் பழக்கத்தை உடம்பில் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அங்கே முதலில் இடமில்லை, நேரமில்லை. உணவகத்தில் இரவு வேலை முடிந்து வருகிறவனால் விடியவிடியக் கூத்துப் பழக முடியாது. அதனால் விடிய ஆடும் கூத்து இரண்டு மணி நேரமாகச் சுருங்கி, வாடகை மண்டபத்தின், ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குள் போனது. சுருங்கியதைப் பற்றிப் புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் புலம்பல் பெரிதாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பழக்கம் மட்டும் நின்றுவிடக் கூடாது.

இனி சாவு வீடு. மரபு இசை மிக ஆழமாக வேலை செய்யும் இடம் அதுதான். இதற்கு மொங் மக்களை உதாரணமாகச் சொல்வேன். லாவோஸ் மலைகளில் வாழ்ந்தவர்கள். அமெரிக்கா அங்கே மறைமுகமாக நடத்திய போரில் அவர்களில் பலர் அமெரிக்கப் பக்கம் நின்று சண்டையிட்டார்கள். 1975-ல் அந்தப் பக்கம் தோற்றதும் மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். மினசோட்டாவின் செயின்ட் பால் இன்று அவர்களுடைய பெரிய ஊர்களில் ஒன்று.

அவர்களுடைய சாவுச் சடங்கில் கெங் என்ற மூங்கில் வாத்தியம் உண்டு. ஆறு மூங்கில் குழல்கள், ஊதினாலும் உறிஞ்சினாலும் ஒலி வரும். வாசிப்பவர் குனிந்து, சுழன்று, வட்டமாக நடந்துகொண்டே ஊதுவார். மொங் மொழியில் ஒரே சொல் ஏறி இறங்கும் தொனியை வைத்துப் பொருள் மாறும். அந்தத் தொனிகளையே கெங் ஊதுவதால், அது இசை மட்டும் இல்லை, பேச்சும்கூட. இறந்தவரின் உயிருக்கு அது வழி சொல்கிறது. அதோடு வாயால் பாடும் வழிகாட்டுப் பாட்டு ஒன்றும் உண்டு. அந்தப் பாட்டில், இறந்தவர் வாழ்ந்த ஊர்களைக் கடைசியிலிருந்து முதல்வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் தங்கியிருந்த நாட்களுக்கு, குடித்த தண்ணீருக்கு, அந்த நிலத்துக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். போய்ச் சேரும் இடம், பிறந்தபோது நஞ்சுக்கொடியைப் புதைத்த வீடு. அந்த நஞ்சுக்கொடியைச் சட்டை என்பார்கள். முதன்முதல் உடுத்திய சட்டை. அதைத் திரும்ப எடுத்து உடுத்திக்கொண்டுதான் முன்னோரிடம் போக முடியும்.

செயின்ட் பாலில் இறந்த ஒரு மூதாட்டிக்கு இந்தப் பாட்டு எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். செயின்ட் பால் வீடு. அதற்கு முன் விமானத்தில் வந்து இறங்கிய ஏதோ ஒரு ஊர். அதற்கு முன் தாய்லாந்தின் பான் வினாய் முகாம். அதற்கு முன் மீகாங் ஆறு. ஆற்றைக் கடக்கும்போது யாரை இழந்தார்கள் என்பது சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியும். அதற்கு முன் காட்டில் ஒளிந்திருந்த இடங்கள். அதற்கு முன் மலைக் கிராமம். குடும்பமே வாய் திறந்து சொல்லாத அகதிக் கதை முழுவதையும் சடங்கு தன் வேலையாக எடுத்து, வரிசைப்படுத்தி, ஊர்ப்பெயரோடு சத்தமாகச் சொல்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் பேரப்பிள்ளைகள் பலருக்குப் பாட்டி எந்தெந்த வழியாக வந்தாள் என்று தெரிவதே அன்றைக்குத்தான். போர் பற்றிய நினைவு துண்டு துண்டாக, நேரம் காலம் இல்லாமல் வந்து தாக்கும் என்பார்கள். இங்கே அதற்கு ஒரு வரிசை கிடைக்கிறது, முடிவும் கிடைக்கிறது. இந்தச் சடங்குக்கு மூன்று நாளோ அதற்கு மேலோ ஆகும். அதனால் அந்த ஊரில் மொங் சாவுகளுக்கென்றே இரவு பகலாகத் திறந்திருக்கும் மண்டபங்கள் வந்துவிட்டன.

நம்மிடம் ஒப்பாரி இருக்கிறது. ஒப்பாரியும் ஒரு கணக்கெடுப்புதான்: செத்தவர் என்ன செய்தார், யாருக்கு என்ன உறவு, யார் என்ன கடன்பட்டார்கள். கட்டிப்பிடித்துத் தலை சேர்த்து, ஒருத்தி எடுக்க மற்றவர்கள் இழுக்க, மூச்சு முழுதாகக் காலியாகும் வரை பாடும் முறை. புலம்பெயர்ந்த நாட்டில் தகனச் சாலை கொடுக்கும் நேரம் அரை மணியோ முக்கால் மணியோ. அடுத்த குடும்பம் வெளியே காத்திருக்கும். அதற்குள் தேவாரம் படித்து, இரண்டு பேர் உரையாற்றி முடித்துவிட வேண்டும். ஒப்பாரி தெரிந்த அம்மா பின் வரிசையில் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சத்தம் போட்டால் பிள்ளைகளுக்கு வெட்கம். இந்த வெட்கத்தின் விலையை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

உடல் கிடைக்காதவர்கள் நிலை இன்னும் கொடுமை. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது காணாமற்போனவர்களின் தாய்மார் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தெருவோரப் போராட்டம் அவர்களுடையது. கடல் கடந்து வந்தவர்களிலும் அப்படிப்பட்ட தாய்மார் உண்டு. அவர்களிடம் போய் ‘ஒப்பாரி பாடுங்கள், மனம் லேசாகும்’ என்று சொல்வது கொலைபாதகம். ஒப்பாரி எடுத்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று ஒத்துக்கொண்டதாக ஆகும். பாட மறுப்பதுதான் அவர்கள் பிள்ளைக்குச் செய்யும் கடமை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் காயத்தைத் தனி ஆளின் நோயாக மட்டும் பார்க்காமல் குடும்பமும் சமூகமும் பட்ட கூட்டுக் காயமாகப் பார்க்க வேண்டும் என்று எழுதி வந்தவர். மரபுக் கலையைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பார்வையைத்தான்.

கலை காயத்தைக் கிளறவும் செய்யும். கெமர் ரூஜ்காரர்கள் கொலைக்களத்தில் ஒலிபெருக்கியில் புரட்சிப் பாட்டுப் போட்டுத்தான் அலறலை மறைத்தார்கள். சிறுவனாக இருந்த ஆர்ன் சோர்ன் பாண்டைப் புல்லாங்குழல் வாசிக்க வைத்தார்கள்; வாசிக்கத் தெரிந்ததால் உயிர் பிழைத்தான். பின்னாளில் அமெரிக்காவில் வளர்ந்து, லோவெல் இளைஞர்களோடு வேலை செய்து, கம்போடியாவுக்குத் திரும்பித் தன் பழைய ஆசிரியரைத் தேடிக் கண்டுபிடித்து, 1998-ல் எஞ்சியிருந்த மூத்த கலைஞர்களைக் கொண்டு கற்பிக்கும் அமைப்பையும் தொடங்கினார். அவரைக் காப்பாற்றியதும் வதைத்ததும் ஒரே குழல். நம்மவர்களின் நினைவுக் கூட்டங்களில் போடும், ஆயுதப் போராட்ட இயக்கத்தின் பாடல்களும் இப்படித்தான். ஒருவருக்கு அது இறந்த அண்ணனின் குரல். பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் பிள்ளையை அதே இயக்கம் வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். இருவருக்கும் சேர்த்து ஒரே பாட்டைப் போட்டுவிட்டு ‘ஆறுதல்’ என்று சொல்ல எனக்கு நா எழாது.

பறையையும் சொல்ல வேண்டும். இன்று புலம்பெயர்ந்த இளைஞர்கள் அதைத் தமிழ் அடையாளமாகத் தோளில் மாட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாவுக்குப் பறையடிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட குடும்பத்தில் வந்த ஒருவர் அதே மண்டபத்தில் இருந்தால் அவர் காதில் விழுவது வேறு. மரபு என்றாலே பழுதில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. சாதியும் அதற்குள் வரும், பெண்ணை மூலையில் வைப்பதும் வரும்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், என்ன கலை என்பதை அமைப்பாளர் தீர்மானிக்க வேண்டாம். வந்தவர்கள் சமையலறையில் எதை முணுமுணுக்கிறார்களோ அதிலிருந்து தொடங்கலாம். அது ஒருவேளை பழைய சினிமாப் பாட்டாக இருக்கும், இருக்கட்டும். கிழமையும் நேரமும் மாறக் கூடாது. முன்னறிவிப்பில்லாமல் பெரிய மேளத்தை அடிக்கக் கூடாது, கதவருகே உட்கார நினைப்பவரை உள்ளே இழுக்கக் கூடாது. யாரையும் ‘உங்கள் கதையைச் சொல்லுங்கள்’ என்று மேடையில் ஏற்ற வேண்டாம். தூக்கமே இல்லாதவருக்கும் உயிரை விட்டுவிடலாமா என்று நினைப்பவருக்கும் மருத்துவர் வேண்டும். கூத்து அதற்கு ஈடாகாது, அதைத் தடுக்கவும் கூடாது.

அப்புறம் பணம். இந்த வேலைக்கு நிதி கிடைத்தால் முதலில் மண்டப வாடகைக்கும் ஒலி அமைப்புக்கும் போகும், மிச்சத்தில் மூத்த கலைஞருக்கு ஒரு சால்வை. இதைத் தலைகீழாக மாற்றுங்கள். அவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், வண்டி அனுப்பிக் கூட்டி வாருங்கள், நாலு பிள்ளைகளை அவர் முன்னால் உட்கார வையுங்கள். அரங்கேற்றத் தேதியை அவரே சொல்லட்டும்.